வாலாம்பாள் அத்தையின் சோஃபா

எங்கள் அப்பாவுக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. தாத்தாவுக்குப் பிறந்தது அத்தனையும் ஆண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அறுபத்து மூன்றாம் வருஷம் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மத்தியானம் எங்களுக்கு ஒரு அத்தை பிறந்து, வளர்ந்து, நிறைந்த ஆயுசாக வாழ்ந்து, காலமும் ஆனாள். எல்லாம் காபி ஆறுவதற்குள்.

பெற்றெடுத்தவர் என் அண்ணா ஜம்பு. கோட்டைப் பக்கம் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அண்ணாவின் சிக்கனத்தை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக என் மனைவி இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறாள். நீங்களே சொல்லுங்கள்: ஒரே தீக்குச்சியில் அடுப்பையும் பற்றவைத்து, ஸ்வாமி விளக்கையும் ஏற்றி, மீந்த குச்சியால் காது குடைந்து, அதைக் கழுவி ஜன்னல் கொக்கிக்கு அடைப்பாக வைப்பவரை இதற்குமேல் எப்படி மிகைப்படுத்துவது?

அந்த வீட்டில் அண்ணா, மன்னி ராஜலக்ஷ்மி, நான், எங்கள் தங்கை பாகீரதி. பாகீரதியைப் பார்க்க வந்த இடமெல்லாம் தட்டிக்கொண்டே போயிற்று. கடைசியாக வந்தவர்கள் தரகர் மூலம் காரணத்தைச் சொல்லியனுப்பினார்கள். பெண் தேவலையாம். ஆனால் வந்தவர்களைப் பாயில் உட்காரவைக்கிற வீடாம். அதைக் கேட்டதும் பாகீரதி எழுந்தாள். பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள், அவ்வளவுதான். அண்ணாவுக்கு அன்றிரவு சாதம் இறங்கவில்லை. மறுநாளே சோஃபா வேட்டை தொடங்கிவிட்டது.

தாதரில் ஒரு பார்ஸி கிழவர் வீட்டைக் காலிசெய்தபோது கிடைத்தது அது. சிங்கக் கால், செதுக்கின முதுகு, அசல் தேக்கு. ஒரு காலத்தில் ஏதாவது கவர்னர் அதில் உட்கார்ந்து முதுகுவலி வந்து சீமைக்கே திரும்பிப் போயிருப்பார். மேலே தோல் உறை. மன்னி வாசற்படியிலேயே மறித்துக்கொண்டாள். “தோலை உரிச்சுட்டு அப்புறம் உள்ளே வரட்டும்” என்றாள். ஆகவே சோஃபா தெருவிலேயே உரிக்கப்பட்டது. வேடிக்கை பார்க்கப் பாதி மாட்டுங்கா கூடியது. உள்ளேயிருந்து அடைசலாகக் குதிரைமயிர் வந்ததும் மன்னி குளிக்கப் போய்விட்டாள்.

வேலைக்கு வந்தவர் தாராவியிலிருந்து வெயிலுமுத்து. வாய் நிறையச் சின்ன ஆணிகள். ஒவ்வொன்றாக உதட்டுக்குக் கொண்டுவந்து அடிப்பார். வாயில் ஆணி இருக்கும்போது பேசமாட்டார், இல்லாதபோது நிறுத்தமாட்டார். சோஃபாவைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “என்ன சாமி, இத உக்காருததுக்கா வாங்கினிய, கும்பிடுததுக்கா?” என்றார்.

அண்ணா எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்தார். பழைய ஆணிகளை நான் அம்மிக்குழவியால் தட்டி நிமிர்த்த வேண்டும். ஸ்பிரிங்குகளைக் கட்டப் பாகீரதிக்குக் கட்டியிருந்த தொட்டில் கயிறு. அடியில் ரேஷன் அரிசிச் சாக்கு. குதிரைமயிருக்குப் பதில், பிய்ந்துபோன தேங்காய்நார் மெத்தை ஒன்றும், மன்னி பாலக்காட்டிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணைகளும். மன்னி அன்றிலிருந்து சமையலறைப் பலகையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். கழுத்துவலி வந்தால் அண்ணாவின் பக்கம் திரும்பிப் படுத்து முனகுவாள்.

மேலுறைதான் பாக்கி நின்றது. கடையில் வெல்வெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் சுட்டாற்போல் அண்ணா கையை எடுத்துவிட்டார். அப்போதுதான் ஒரு சங்கீத சபாவில் (பேர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் சினேகிதர்கள் இருக்கிறார்கள்) மேடைக்குப் புதுத் திரை வந்தது. பழைய சிவப்பு வெல்வெட் திரை பின்கட்டில் எலிகளின் போஷணையில் கிடந்தது. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார்கள். அண்ணா தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் திரை தெருவைப் பெருக்க, மகாராஜா மாதிரி வீடு வந்துசேர்ந்தார்.

விரித்துப் பார்த்தால் எலி தின்றது போக நடுப்பாகம் ஒன்றுதான் தேறியது. அதன்மேல் ஜரிகை எழுத்து வைத்துத் தைத்திருந்தது: ‘ஸ்ரீமதி வாலாம்பாள் உபயம்.’ நம்மவர்கள் ஒரு டியூப்லைட் கொடுத்தாலும் வெளிச்சம் வராத அளவுக்குப் பேரை எழுதித்தானே கொடுப்பார்கள்? யார் அந்த வாலாம்பாள் என்று சபாவில் யாருக்கும் தெரியவில்லை. மன்னியும் பாகீரதியும் ஊசியால் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எடுத்தார்கள்.

எடுத்த பிறகுதான் வினை தெரிந்தது. வருஷக்கணக்காக மேடை விளக்கில் வெல்வெட் வெளுத்துப் போயிருந்தது. எழுத்துகளுக்கு அடியில் மட்டும் அசல் நிறம் அப்படியே இருந்தது. முன்பாவது ஜரிகையில் மினுக்கியது. இப்போது ரத்தச் சிவப்பில், அழிக்கவே முடியாதபடி, வாலாம்பாள் பளிச்சென்று எழுந்து நின்றாள்.

வேறு துணி கிடையாது. வெயிலுமுத்து அளந்து அளந்து பார்த்தார். ‘ஸ்ரீமதி’யையும் ‘உபய’த்தையும் அடியில் மடித்து ஆணி அடித்துவிடலாம், வாலாம்பாள் மட்டும் எங்கேயாவது வந்தே தீருவாள் என்றார். முதுகில் வந்தால் ஊரே படிக்கும். “அதனால உக்காருத எடத்துல போட்டுருதேன். ஆளு உக்காந்தா எழுத்து தெரியாதுல்லா?”

அண்ணா அவரைக் கட்டித் தழுவாத குறை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். யார் வந்தாலும், வாலாம்பாள்மேல் வீட்டு மனுஷர் ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும். பால்காரர் வந்தால்கூட யாராவது ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்காமலேயே பாத்திரத்தை நீட்டுவோம்.

பிறகு செம்பூரிலிருந்து மகாதேவன் என்ற பையனின் ஜாதகம் வந்தது. நல்ல வேலை, நல்ல குடும்பம். ஜாதகத்தில் பையனின் அப்பா பேர், தாத்தா பேர், கோத்திரம் எல்லாம் இருந்தது. அம்மாவைத் தரகர் ‘செம்பூர் மாமி’ என்றார். நாங்களும் செம்பூர் மாமி என்றோம். பையனின் அம்மாவுக்கு ஒரு பேர் இருக்கும் என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்?

பையன், அப்பா, மாமி மூன்று பேரும் வந்தார்கள். அண்ணா தன் காவல் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் வீட்டில் இருந்த ஒரே ஃபேன் அந்தப் பக்கம் பார்த்துத்தான் சுழலும். மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, காற்றாட அங்கே உட்கார்ந்துகொள்கிறேனே என்றாள். அண்ணா எழுந்தே ஆகவேண்டியிருந்தது. நல்லவேளை, மாமி விசாலமான சரீரம். வாலாம்பாள் மட்டுமில்லை, வாலாம்பாளின் வம்சமே மறைந்துவிட்டது. பார்ஸி வீட்டு ஸ்பிரிங்குகள் குஜராத்தியில் ஏதோ முனகின.

பாகீரதி பாடினாள். மாமி கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டாள். பையன் பாகீரதியைப் பார்த்தான், பாகீரதி பையனைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. பாயைச் சுருட்டிப் போட்ட நாளிலிருந்து அவள் முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

பஜ்ஜி சாப்பிட்ட மாமி கை கழுவ எழுந்தாள்.

திரும்பி வந்தவள் உட்காரவில்லை. நின்றபடியே சோஃபாவைப் பார்த்தாள். “இதென்ன, பேர் மாதிரி இருக்கே?”

அண்ணா அந்த இடத்தில்தான் எங்கள் தாத்தாவுக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தார். வாலாம்பாள் எங்கள் அத்தையாக்கும் என்றார். பால்யத்திலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். எங்களைத் தூக்கி வளர்த்தவள். காவேரி மாதிரி மனசு. போகும்போது இந்தச் சோஃபாவை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனாள். அவள் ஞாபகமாகப் பேரைப் பொறித்து வைத்திருக்கிறோம்.

“உட்கார்ற இடத்திலேயா?” என்றாள் மாமி.

“அத்தை மடியிலே வளர்ந்தவா நாங்க, மாமி. அந்த மடி ஞாபகம் போகக்கூடாதுன்னு...”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மாமி விடவில்லை. என் பக்கம் திரும்பி, எனக்கு அத்தையை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டாள். லேசாக இருக்கிறது என்றேன். என் காது மடல் இரண்டும் பற்றி எரிந்த எரிச்சலில் மன்னி அடுப்பே மூட்டியிருக்கலாம். மன்னி காபி டபராவை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவேயில்லை.

மாமி குனிந்து, வெல்வெட்டில் பொசுங்கியிருந்த ஒரு சின்னப் பொத்தலை விரலால் தடவினாள். “அத்தை ஊதுவத்தி ஏத்துவாளோ?”

“கட்டுக் கட்டா ஏத்துவா, மாமி. வாலாம்பாள்னு பேர் இருந்தாலே பக்தி ஜாஸ்தி.”

“அப்படியா” என்றாள் மாமி. “என் பேரும் அதுதான்.”

மாமி வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டாள். சொல்லியனுப்புகிறோம் என்றாள். போய்விட்டார்கள்.

அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மன்னி சோஃபாவின்மேல் போர்வையை இழுத்து மூடினாள், வீட்டில் ஏதோ நடந்துவிட்ட மாதிரி. செம்பூரிலிருந்து தகவலே இல்லை. நான் மாடிப்படியில் கால் சத்தம் கேட்டால் சமையலறைக்குப் போய்விடுவேன்.

கடைசியில் பாகீரதிதான் வாயைத் திறந்தாள். அண்ணா போய் உள்ளதைச் சொல்லவேண்டும் என்றாள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொண்டு போவது என்று அண்ணா சுவரிடம் கேட்டார். மறுநாள் பாகீரதி கோவிலுக்குப் போவதாகச் சொல்லி என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். செம்பூர் பஸ்ஸில் ஏறியபோதுதான் எந்தக் கோவில் என்று எனக்குப் புரிந்தது.

மாமி கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டாள். பாகீரதி உட்காரக்கூட இல்லை.

“மாமி, எங்களுக்கு அப்படி ஒரு அத்தை கிடையாது. அது சபா கர்ட்டன். எழுத்தைப் பிரிச்சது நானும் மன்னியும்.”

“தெரியும்டி” என்றாள் மாமி. “கையிலே கிடந்த வளையைப் போட்டு வாங்கின துணி. எனக்குத் தெரியாதா? அந்த ஊதுவத்தி ஓட்டை விழுந்தன்னிக்கு முன்வரிசையிலே உட்கார்ந்திருந்தேன்.”

பிறகு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். தான் கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகப் பாடியதாகவும், புக்ககத்தில் மேடை ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றும், தான் ஏறாவிட்டாலும் தன் பேராவது ஏறட்டும் என்றுதான் அந்தத் திரையைக் கொடுத்ததாகவும் சொன்னாள். முழங்கால் வலி வந்தபின் சபாவுக்குப் போகமுடியவில்லையாம்.

“எப்போ கழட்டினா?”

போன வருஷம் என்றேன்.

“ஒரு வார்த்தை சொல்லல்லையே. போன வாரம்கூட எதிராத்து மாமிகிட்ட, ஒவ்வொரு கச்சேரிக்கும் என் பேர்தான் முதல்லே மேலே போறதுன்னு சொல்லிண்டிருந்தேன்.” அவள் எங்களைப் பார்க்காமல் சொன்னாள். எங்கள் வீட்டில் ஒரு வாரமாகக் குனிந்திருந்த தலைகளைப் போலவே அவள் தலையும் குனிந்திருந்தது. பாகீரதி போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது மாமி பாகீரதிக்குக் குங்குமம் இட்டாள். தன் பேரைச் சொல்லி ஆசீர்வாதம் செய்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: “சீர் செனத்தி ஒண்ணும் வேண்டாம்னு தரகர் மூலமா சொல்லியனுப்பறேன். அந்த சோஃபா மட்டும் போறும். நீங்க வந்ததை உங்க அண்ணாகிட்ட சொல்லவேண்டாம். அத்தை இருந்துட்டுப் போகட்டும்.”

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மறுவாரம் கைவண்டியில் சோஃபா செம்பூருக்குக் கிளம்பியது. போர்வை போட்டு மூடலாம் என்றார் அண்ணா. போர்வையைத் தரமுடியாது என்று மன்னி சொல்லிவிட்டாள். தலையணைக்குப் பழி. மாட்டுங்கா முழுக்க, சயான் முழுக்க, வாலாம்பாள் வானத்தைப் பார்த்து மல்லாந்துகொண்டு போனாள். பின்னால் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அண்ணா நடந்தார். வெயிலுமில்லை, மழையுமில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒவ்வொருத்தரும் நிறுத்தி, யார் சார் வாலாம்பாள் என்று கேட்டார்கள். அண்ணா ஒவ்வொருத்தரிடமும் அத்தை என்றார்.

அதற்கப்புறம் தீபாவளி, கார்த்திகை, பேத்தி பிறந்தநாள் என்று செம்பூருக்கு எப்போது போனாலும் மாமி அத்தையைப் பற்றி விசாரிக்காமல் விடமாட்டாள். அத்தைக்கு என்ன பலகாரம் பிடிக்கும், எந்த ராகம் பாடுவாள், எந்தத் திதியில் போனாள், சிராத்தம் யார் செய்கிறீர்கள். அண்ணா சொல்லிச் சொல்லி, அத்தை குருவாயூரிலிருந்து காசிவரை நடந்தே போய்விட்டு வந்தாள். சொல்லும்போதெல்லாம் அவர் கழுத்து உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். பாகீரதி சமையலறைக்கு ஓடிப்போய் வாயில் தலைப்பை அடைத்துக்கொள்வாள். மாமிக்குத் தெரியுமா தெரியாதா என்று அண்ணா ரயிலில் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பார். தெரிய வாய்ப்பே இல்லை என்பேன். சத்தியமாகவா என்பார்.

அந்தச் சோஃபாவில் மட்டும் அண்ணா உட்கார்ந்ததேயில்லை. முதுகுவலி என்பார், உட்கார்ந்தே வந்தோம் என்பார். மாமி விடமாட்டாள். அந்த இடத்தைத் தலைப்பால் தட்டிவிட்டு, எழுத்து நன்றாகத் தெரியும்படி நகர்ந்து நின்றுகொண்டு, மிகுந்த மரியாதையோடு சொல்வாள்:

“என்ன தயக்கம்? உட்காருங்கோ. உங்க அத்தை மடிதானே.”

அண்ணா தோளிலிருந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்.