தோள் கறி வேகும்வரை

பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அலாரம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நகரப் பேருந்து ஓட்டுநர். மழை கொட்டினாலும் சரி, ஊர்வலம் வழிமறித்தாலும் சரி, நிறுத்தத்துக்கு வர வேண்டிய நேரத்தில் அவர் வண்டி வந்து நிற்கும். அந்த வண்டியைப் பார்த்துத்தான் தெருமுனை பேக்கரிக்காரர் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார் என்று சக ஓட்டுநர்கள் கேலி பேசுவார்கள். கேட்கும்போது முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாலும், உள்ளுக்குள் அவருக்குக் குளுகுளுவென்று இருக்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதர், மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அப்பா அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டுச் சாயங்காலம் வரை காக்க வைத்தார்.

எல்லாம் மொட்டையால் வந்த வினை. மொட்டையும் அவரோடு அதே தடத்தில் ஓட்டுகிறவர். ஒருநாள் ஓய்வறையில் ரொட்டிக்குள் எதையோ அடைத்து எடுத்து வந்து, பாதியைப் பிய்த்து இவர் கையில் வைத்தார். பன்றி இறைச்சிதான். ஆனால் துண்டு துண்டாக இல்லை. நூல் நூலாகப் பிரிந்து, சாறு ஊறி, கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் தித்திப்புமாக இருந்தது. பல்லுக்கு வேலையே வைக்கவில்லை. அலாரம் மற்ற பாதியையும் பிடுங்கித் தின்றுவிட்டுத்தான் பேசினார்.

“இதை எப்படிய்யா பண்ணுன?”

“நான் எங்க பண்ணுனேன்? ஓவன் பண்ணுச்சு. எலும்போட தோள் கறி வாங்கு. உப்பு, வெல்லம், மிளகாய்த்தூள், பூண்டு எல்லாத்தையும் தேய்ச்சு ராத்திரி பூரா ஊற வை. விடியக்காலையில சின்ன சூட்டுல உள்ள தள்ளு. அப்புறம் நீ சும்மா இருக்கணும். அதுதான் கஷ்டம்.”

“சும்மா இருக்குறதுல என்னய்யா கஷ்டம்? தினமும் சிக்னல்ல இருக்கேனே.”

அந்த ருசி நாக்கிலேயே தங்கிவிட்டது. சம்பந்தி வீட்டார் முதல்முறையாக வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சமையல் என் பொறுப்பு என்று வீட்டில் அறிவித்துவிட்டார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தே பழகியவள். அவரையும் இரண்டு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்களா? முட்டை அவிக்கப் போய்ச் சட்டியைத் தீய்ச்சவரா?”

“அது அப்போ. ஞாயித்துக்கிழமை நீ கிச்சன் பக்கமே தலை காட்டக் கூடாது. மகாராணி மாதிரி உக்காரு.”

“உக்காந்துட்டாப் போச்சு. எனக்கென்ன வலிக்குதா?” என்றாள்.

மகளுக்கு இதில் சந்தோஷம்தான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பையன் பக்கத்து அச்சகத்தில் வேலை பார்த்தான். இருவரும் பேசி முடிவெடுத்து, அதன் பிறகு வீட்டில் சொன்னவர்கள். அலாரத்துக்குப் பையன் மேல் வேறு குறை கிடையாது. ஆனால் முதன்முதலில் இவரைப் பார்க்க வந்த அன்று அவன் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தான். வந்து, சட்டைக் கையில் மையோடு சிரித்தான். “நேரத்துக்கு வரத் தெரியாதவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்?” என்று ஒரு வாரம் புலம்பித் தீர்த்தார். “நீங்க நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வர்றீங்க. வந்து என்ன பண்றீங்க? டிவிக்கு முன்னாடி தூங்குறீங்க” என்று மனைவி ஒரே போடாகப் போட்ட பிறகுதான் வாயை மூடினார்.

சனிக்கிழமை கறிக்கடைக்காரர் தோள் பகுதியில் நல்ல கொழுப்பாக ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அலாரம் அதைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மொட்டை சொன்னபடி மசாலா தேய்த்து, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தார். ஞாயிறு விடிவதற்கு முன்பே எழுந்து, ஆழமான தட்டில் கறியை வைத்து, அடியில் கொஞ்சம் வினிகரும் தண்ணீரும் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி ஓவனுக்குள் தள்ளினார். ஓவன் கதவில் சாய்ந்து நின்ற ஒரு மர முக்காலியைத் திறக்கும்போதே ஒதுக்கியிருந்தார். இப்போது அதை இழுத்துப் போட்டுக் கதவுக்கு நேரே உட்கார்ந்துகொண்டார்.

வீடு முழுக்க வாசம் பரவியது. பூண்டு முதலில் வந்தது; அப்புறம் வெல்லம் கருகும் மணம். அலாரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இடையிடையே மனைவி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். “உள்ள வராத” என்று கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

வெயில் ஏறிய பிறகு, கறி எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தாளைப் பிரித்து முள்கரண்டியால் குத்தினார். கரண்டி இறங்கவில்லை. இன்னொரு பக்கம் குத்தினார். வண்டி டயரைக் குத்திய மாதிரி திரும்பி வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவசரமாக மொட்டைக்குப் போன் போட்டார்.

“இந்நேரம் வெந்திருக்கணுமே” என்றார் மொட்டை. “சூடு சரியா வச்சியா?”

“நீ சொன்ன சூடுதான்யா.”

“அப்போ காத்திரு. அவசரப்பட்டு சூட்டைக் கூட்டினேன்னு வை, செருப்புத் தோலாயிடும். அப்புறம் சம்பந்தி வீட்டுக்குச் செருப்புதான் பரிமாறணும்.”

போனை வைக்கவும் அழைப்பு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே வந்து நின்றார்கள், பையனையும் சேர்த்து.

பையனின் அம்மா பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலி. நல்ல ஆகிருதி, அவர் உள்ளே வந்ததும் கூடம் சுருங்கின மாதிரி இருந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியான மனிதர். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார், போட்டோ பிடிக்கக் காத்திருப்பவர்போல. வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். வந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. மின்விசிறி மட்டும் சுற்றியது.

மனைவி அலாரத்தைச் சமையலறைப் பக்கம் இழுத்தாள்.

“எப்போ சாப்பாடு?”

“வேகலைடி.”

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“தெரியல.”

இந்த மனிதர் வாயிலிருந்து, நேரத்தைப் பற்றி, அந்த வார்த்தையை அவள் கேட்டதே கிடையாது. ஒரு நொடி அவளுக்கே பாவமாக இருந்தது. “கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லிடலாமா?” என்று கிசுகிசுத்தாள். இருவரும் ஒரே சமயத்தில் கூடத்து மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அலாரம் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். “மன்னிச்சுக்கணும். கறி வேகலைங்க. நான்தான் சமைக்கிறேன்னு வீம்புக்கு நின்னேன். எப்போ வேகும்னு எனக்கே தெரியல.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். திடீரென்று செவிலியம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்பாடா! காலையிலேர்ந்து இவரைப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க விடாம கூட்டிட்டு வந்தேன். நேரம் தவறாத மனுஷர், லேட்டானா வீட்டுக்குள்ளயே விடமாட்டார்னு இவன் பயமுறுத்தி வச்சிருந்தான்.” மகனைக் கைகாட்டினார். “டாக்சிக்காரரை விரட்டின விரட்டுல அவர் பாதி வழியிலேயே எங்களை இறக்கிவிட்டுட்டார். மீதி தூரம் நடைதான்.”

“அப்பா, இன்னைக்கு யாரு லேட்டு?” என்றாள் மகள். அலாரம் அசடு வழிந்தார். பையன் ரொம்ப நாகரிகமாகச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

லிஃப்ட் மெக்கானிக் முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். பிறகு சாய்ந்தபடி இருக்க முடியாமல் எழுந்து, “நான் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று சமையலறைக்குள் வந்தார். ஓவனைச் சுற்றிப் பார்த்தார். கதவின் மேல் மூலைக்கு அருகே உள்ளங்கையைக் காட்டினார்.

“இங்க கையை வைங்க.”

அலாரம் வைத்தார். சூடான காற்று விரலிடுக்கில் வீசியது.

“கதவு சரியா மூடலை. சூடு பூரா வெளியே போகுது. நீங்க காலையிலேர்ந்து சமையலறையைத்தான் வேக வச்சிருக்கீங்க.”

மனைவி உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். ஓவனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

“கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த முக்காலி எங்க?”

“எந்த முக்காலி?”

“மூணு வருஷமா அந்தக் கதவு லூசு. நான் அதைச் சாய்ச்சு வச்சுத்தானே எதையும் வேக வைக்கிறேன்? எங்க அது?”

அலாரம் மெல்லத் திரும்பிப் பார்த்தார். அதிகாலையிலிருந்து அவர் உட்கார்ந்து காவல் காத்த முக்காலி சமையலறை நடுவில் நின்றது. பின்னாலேயே வந்திருந்த செவிலியம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். மனைவிக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, சிரிப்புதான் முந்திக்கொண்டது. மெக்கானிக்கும் சிரித்தார், சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

“ஸ்க்ரூ டிரைவர் இருக்கா சம்பந்தி?” என்றார்.

அன்று அந்த வீட்டில் முதல்முதலாகச் ‘சம்பந்தி’ என்ற வார்த்தையைச் சொன்னது அவர்தான். சொன்னது அவருக்கே தெரியவில்லை. அலாரத்துக்குத் தெரிந்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டவருக்குக் கருவிப் பெட்டியையே தூக்கிவந்து கொடுத்தார்.

புதுச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, பனியனோடு தரையில் உட்கார்ந்தார் மெக்கானிக். அலாரம் ஈரத்துணியைச் சுற்றிக் கதவைத் தாங்கிப் பிடிக்க, அவர் கீல் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். கதவு ‘டப்’பென்று உட்கார்ந்தது. மறுபடி கையைக் காட்டினார்கள். காற்று வரவில்லை.

“இனிமே வெந்துடும். ஆனா சாயங்காலம் ஆகும்” என்றார்.

அதுவரை வயிறு தாங்க வேண்டுமே. மனைவி வெங்காயம் நறுக்கி முட்டை ஊற்றினாள். கறியோடு சாப்பிட வாங்கி வைத்திருந்த ரொட்டி எல்லாம் முட்டையோடு போயிற்று. மேசைக்குப் போக யாருக்கும் பொறுமையில்லை. அடுப்படியிலேயே நின்றும் சாய்ந்தும் சாப்பிட்டார்கள். செவிலியம்மா தானாகவே கரண்டியை வாங்கி அடுத்த முட்டையைத் திருப்பிப் போட்டார். ரொட்டி தீர்ந்ததும் மறுபடி வாங்கிவர மகளையும் பையனையும் அனுப்பினார்கள். பக்கத்துத் தெருக் கடைக்கு அவர்கள் போய்வந்த நேரத்தில் ஊர்க்கோடிக்கே போய்வந்திருக்கலாம். அலாரம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பெண்கள் இருவரும் கூடத்தில் முட்டைக்கோஸ் அரிந்தபடி மருந்துகளைப் பற்றியும் மருத்துவர்களின் கையெழுத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்து ஓயவே இல்லை. ஆண்கள் இருவரும் சமையலறைத் தரையில் சுவரோரம் சாய்ந்து ஓவனின் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?” என்றார் மெக்கானிக். “இந்தக் கல்யாணம் வேண்டாம்னுதான் நான் முதல்ல சொன்னேன்.”

அலாரம் திரும்பினார்.

“உங்க பொண்ணு மேல குறை இல்லைங்க. இவன் ஒரே பையன். அவன் அம்மா ராத்திரி டியூட்டிக்குப் போயிட்டா, நானும் அவனும்தான் சேர்ந்து சாப்பிடுவோம். அவன் ஏதாவது உளறிட்டே இருப்பான். இனிமே அந்த மேசையில தனியா உக்காரணுமேன்னு...” முடிக்காமல் நிறுத்தினார்.

அலாரத்துக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது, வெளியே சொன்னதில்லை. “நானும் வேண்டாம்னுதான் சொன்னேன்” என்றார். “உங்க பையன் லேட்டா வந்தான்னு.”

“அவன் பொறந்ததே லேட்டுங்க. டாக்டர் சொன்ன தேதிக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வந்தான்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், என்ன ஆயிற்று என்று பார்க்கப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு அலாரம் மறுபடி தாளைப் பிரித்தார். கறி கருஞ்சிவப்பாகச் சுருங்கி, சொந்தக் கொழுப்பிலேயே மின்னியது. எலும்பைப் பிடித்து லேசாக இழுத்தார். உறையிலிருந்து கத்தி வருவதுபோல வழுக்கிக்கொண்டு சுத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அவர் எலும்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். யாரோ கை தட்டினார்கள்.

ஆளுக்கொரு முள்கரண்டியை எடுத்துக்கொண்டு எல்லோரும் தட்டைச் சூழ்ந்தார்கள். குத்தி இழுத்தால் போதும், கறி நூல் நூலாகப் பிரிந்தது. பிரிக்கிறேன் என்று வந்தவர்கள் வாயில்தான் போட்டுக்கொண்டார்கள். மெக்கானிக் ஓரத்தில் கருகி மொறுமொறுவென்றிருந்த துண்டுகளாகத் தேடி எடுத்தார். “அதெல்லாம் உங்களுக்கு ஆகாது” என்று செவிலியம்மா அதட்டிவிட்டு, அடுத்ததைத் தானே எடுத்துக்கொண்டார். மனைவி தட்டின் அடியில் இருந்த சாற்றை வடித்து, வினிகரும் கடுகு விழுதும் கலந்து மேலே ஊற்றினாள். இதை மட்டும் அவள் கேட்காமலேயே செய்தாள், அலாரமும் தடுக்கவில்லை.

ரொட்டிக்குள் கறியையும் முட்டைக்கோஸையும் அடைத்துச் சாப்பிட்டார்கள். முழங்கை வரை சாறு வழிந்தது. மூன்றாவது ரொட்டியை முடித்த பையன், “மாமா, கொஞ்சம் இருக்கா?” என்று தட்டை நீட்டினான். அலாரம் அவனுக்கு அள்ளி வைத்தார். இன்னும் கொஞ்சம் அள்ளி வைத்தார்.

தெருவிளக்கு எரிந்த பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள். மிச்சக் கறியில் பாதியை டப்பாவில் கட்டிக் கொடுத்தாள் மனைவி. படியிறங்கும்போது மெக்கானிக் திரும்பி, “வாரத்துல ஒருநாள் ராத்திரி, வண்டியை விட்டதும் அப்படியே எங்க வீட்டுப் பக்கம் வாங்களேன், சம்பந்தி. சேர்ந்து சாப்பிடலாம்” என்றார்.

“வர்றேன்” என்றார் அலாரம். எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை.

மகள் அவர்களை வழியனுப்பத் தெருமுனை வரை போனாள். சமையலறையில் அவர் தட்டைத் தேய்க்க, மனைவி துடைத்து வைத்தாள். அடியில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்கைச் சுரண்டி அவள் வாயில் கொடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் மென்றுகொண்டே. “அடுத்த தடவை கொஞ்சம் உப்பு குறைச்சுப் போடுங்க.”

அடுத்த தடவை என்று சொல்லிவிட்டாளே. அவர் குழாயைத் திறந்து, இல்லாத பிசுக்கை இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டு நின்றார்.