கஸ்பார் கண்டது

தண்ணீரில் வெயில் உடைந்து உடைந்து கண்ணைக் குத்துகிறது, கவிழ்ந்து கிடக்கும் வள்ளத்தின் முதுகில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நான் படுத்திருக்கிறேன், எதிர்ப்பக்கம் கஸ்பார் படுத்திருக்கிறான், நடுவில் ஓடும் அடிக்கட்டைக்கு மேலாக எங்கள் கைகள் கோத்திருக்கின்றன, ஒருவன் சரிந்தால் மற்றவன் இழுத்துக்கொள்ளலாம், சுற்றிலும் கரை இல்லை, பறவை இல்லை, முந்தாநாள் கச்சான் காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டு வந்து எங்கள் வள்ளத்தைத் தூக்கிப் புரட்டிப் போட்டதிலிருந்து குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை, கஸ்பாரின் உதடுகள் வெடித்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கின்றன, அந்த உதடுகள் அசைந்துகொண்டே இருக்கின்றன, அவன் ஜெபம் சொல்கிறான், நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியவில்லை, தூங்கிப்போனேனா, இப்போதும் தூக்கத்தில்தான் இருக்கிறேனா, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இந்தக் கட்டிலில் சாய்ந்தால் கட்டில் மெல்ல ஆடத் தொடங்குகிறது, தலை முழுக்க நரைத்துவிட்ட இந்த வயதிலும் கால் நுனி தண்ணீரைத் தேடுகிறது. கஸ்பார் என்கூடவே வளர்ந்தவன், ஒரே தெரு, ஒரே வள்ளம், கோயில் படியைத் தொட்டுக் கும்பிடாமல் கடலில் கால் வைக்கமாட்டான், கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு இல்லாமல் அவனை நான் பார்த்ததில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன், எங்கள் ஊரில் மாதாவை நம்புவது யாரும் யோசித்து எடுக்கிற முடிவு இல்லை, மூச்சு விடுகிற மாதிரி. அந்த வெயிலில் கஸ்பார் தலையைத் தூக்கினான், எனக்குப் பின்னால் எதையோ பார்த்தான், அவன் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வேன், அவன் கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை, மச்சான், அந்தா வாறா பாரு, என்றான், யாருல, மாதா மச்சான், நடந்து வாறா, நான் திரும்பிப் பார்த்தேன், தண்ணீர், வெயில், தண்ணீர், ஒண்ணும் இல்லல, கண்ணு மயங்குது ஒனக்கு, கைய விடாதல, என்று கத்தினேன், கத்தினேனா, சத்தம் வெளியே வந்ததா தெரியாது, அவன் சிரித்தபடி கையை உருவினான், நான் இறுக்கிப் பிடித்தேன், உப்பில் ஊறிய கை வழுக்கிக்கொண்டு போயிற்று, வாசலுக்கு வந்த விருந்தாளியை உள்ளே கூட்டிவரப் போகிறவன் போல அவசரமே இல்லாமல் நீந்திப் போனான், கொஞ்ச தூரம் தலை தெரிந்தது, பிறகு தண்ணீர், வெயில், தண்ணீர்.

கண்ணைத் திறக்கிறேன், தாடி வைத்த ஒரு முகம் ஈரத்துணியை என் வாயில் பிழிகிறது, வேற்றூர் விசைப்படகு, எஞ்சின் மக்கர் பண்ணி ஒதுங்கி வந்தோம் அண்ணே, இல்லாட்டி இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம், அல்லா கொண்டாந்து விட்டிருக்கான், என்று படகு ஓட்டியவர் என்னைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், எனக்காக அழுத முதல் ஆள் அவர், கஸ்பார் போன திசையைக் கையால் காட்டினேன், வெளிச்சம் போகும்வரை சுற்றிச் சுற்றித் தேடினார்கள், கிடைக்கவில்லை, கடைசிவரை கிடைக்கவே இல்லை. கரையில் ஊரே நின்றது, என் மனைவி பெர்ப்பெத்து மணலில் முழங்காலிட்டாள், முழங்காலாலேயே கோயில்வரை போனாள், பெண்கள் என்னைத் தொட்டுப் பார்த்து, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினார்கள், மாதா காப்பாத்திட்டா, மாதா காப்பாத்திட்டா, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பேச்சு, அந்தக் கூட்டத்துக்கு அப்பால் கஸ்பாரின் மனைவி கித்தேரி நின்றாள், விசைப்படகிலிருந்து இன்னும் ஓர் ஆள் இறங்கவேண்டியிருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று ஓசையில்லாமல் கழன்று விழுந்தது, கோபமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன், கோபம் இல்லை, ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி, கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே போய்க் கூப்பிட்டால் நம் குரல்தான் திரும்பி வருகிறது, ஓயாமல் கூப்பிட்டவன் அவன், பாதியில் விட்டவன் நான், பார்த்தவன் போய்விட்டான், ஒன்றையும் பார்க்காததால் நான் வள்ளத்தை விடவில்லை, இதில் யார் யாரைக் காப்பாற்றினார்கள்.

அந்த வருஷத் திருவிழாவில் கோயில் பங்குச்சாமியார் என்னை மேடைக்கு அழைத்தார், மாதா செஞ்ச புதுமைய ஒங்க வாயால சனங்களுக்குச் சொல்லுங்க, என்று ஒலிபெருக்கியை என் பக்கம் சாய்த்தார், முன்வரிசையில் பெர்ப்பெத்து கைகூப்பியபடி, எல்லோருக்கும் பின்னால் ஒரு தூணில் சாய்ந்து கித்தேரி, நான் சொல்ல வேண்டிய வார்த்தை என்னவென்று அந்தக் கூட்டம் முழுவதுக்கும் தெரியும், என் வாய்தான் அதற்குத் தேவை, ஒரு படகுக்கு எஞ்சின் கெட்டுப்போச்சு, அதனால நான் இங்க நிக்கேன், கஸ்பார் நிக்கல, என்றேன், அவ்வளவுதான், இறங்கி வந்துவிட்டேன், சாமி சைகை காட்டவும் பேண்டு வாத்தியம் சத்தமாக ஆரம்பித்தது. வீட்டில் பெர்ப்பெத்து சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள், ஏங்க, இப்படிப் பேசிட்டியளே, நான் முட்டி தேயத் தேயக் கேட்டேன், நீங்க வந்திய, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும், என்றாள், கித்தேரியும்தான் கேட்டா, என்றேன், அத எங்கிட்ட கேக்காதிய, என்றாள், பிறகு நாங்கள் அதைப்பற்றிப் பேசவே இல்லை, ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போவாள், நான் வலையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வேன், கிழிசல் இருக்கிறதோ இல்லையோ. ஊரில் என்னை யாரும் வெறுக்கவில்லை, திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், எனக்காக ஜெபித்தார்கள், எதிரே வருகிறவர்கள் நின்று என் தோளைத் தடவி, எல்லாம் சரியாயிரும், என்றார்கள், சீக்காளியிடம் சொல்வதுபோல், நானும் தலையாட்டினேன், அந்தக் காலி வீட்டில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், இன்னொருவர் வந்து எதிரே உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது, பேசக்கூட வேண்டாம்.

அதனால்தான் கித்தேரியைத் தேடிப் போனேன், இந்த ஊரில் என் பக்கத்தில் வந்து உட்காரக்கூடியவள் ஒருத்தி உண்டென்றால் அவள்தானே, கேட்டது கிடைக்காதவள், அவள் வீட்டுக்கு முன்னால் மணலில் பாயை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், வாங்கண்ணே, என்று எழுந்தாள், இரும்மா, என்று நானும் மணலில் உட்கார்ந்தேன், காக்கையை விரட்டிக்கொண்டே கேட்டாள், அவிய கடைசியா என்ன சொன்னாவ அண்ணே, ஊர்ல என்னென்னமோ பேசுதாவ, எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை, பெர்ப்பெத்துவிடம்கூட, அன்றைக்கு அவளிடம் சொன்னேன், தலையைத் தூக்கியதை, வாறா பாரு என்றதை, கையை உருவியதை, சொல்லும்போதே எனக்குத் தெரியும், இதைக் கேட்டதும் அவள் உடைந்துபோவாள், உடைந்தபிறகு என் பக்கம் வந்துவிடுவாள், இல்லை அண்ணே, அங்க யாருமே இல்ல, என்று என்னோடு சேர்ந்து சொல்லுவாள், அப்படி நான் ஆசைப்பட்டேன், அவள் கை நெத்திலியின் மேல் நின்றுவிட்டது. சிரிச்சாவளா, சிரிச்சான்மா, பயப்படலியே, இல்ல, முகம் எப்படி இருந்திச்சு, நான் சொன்னேன், கல்யாண முகத்தைவிட என்று சொன்னபோது பெருங்குரலெடுத்து அழுதாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், அழுது ஓய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போ அவிய தனியா போவல, என்றாள். கித்தேரி, நான் திரும்பிப் பாத்தேம்மா, அங்க யாரும் இல்ல, தாகத்துல அவனுக்குப் புத்தி தடுமாறிட்டு, என்றேன், என் குரல் கெஞ்சியது, அவள் கோபப்படவில்லை, என்னையே உற்றுப் பார்த்தாள், அந்தப் பார்வை மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு பக்கத்துல இருந்தும் நீங்க பாக்கலியே அண்ணே, ஐயோ, என்றாள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் எனக்காக இரக்கப்பட்டாள், நெத்திலிச் செதில் ஒட்டிய கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டாள், பிள்ளைகளுக்குப் போடுவதுபோல, நான் தலையைக் குனிந்துகொண்டேன், என்னைவிட எத்தனையோ வயது சின்னவள், அந்த விரல் சூடாக இருந்தது, வீடு திரும்பும்போது கடலோரமாக நடக்காமல் தெரு வழியாகச் சுற்றி வந்தேன்.

நான் சொன்னதில் அவள் கண்டது அவளுக்கு, நான் காணாதது எனக்கு, ஒரே வெயில், ஒரே தண்ணீர், ஒரே மனுஷன் கையை உருவிக்கொண்டு போனான், அவள் அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் பிள்ளைகளை ஆளாக்கினாள், நான் அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கூரையைப் பார்க்கிறேன், என் புத்தி தப்பென்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை, சரியாக இருப்பதில் இவ்வளவு குளிர் இருக்கும் என்று மட்டும் அப்போது தெரிந்திருக்கவில்லை. போன ஐப்பசியில் பெர்ப்பெத்துவும் போய்விட்டாள், காய்ச்சல் என்று படுத்தவள், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்க வந்து ஒங்களத் தேடுவேன், என்றாள், சரி என்றேன், வேறென்ன சொல்ல, பிள்ளைகள் இல்லாத வீடு, மாலையானதும் சுவர்கள் கிட்ட வருகின்றன. விளக்கு வைக்கும் நேரத்தில் கித்தேரி வருகிறாள், அவளும் கிழவியாகிவிட்டாள், பெர்ப்பெத்துவின் ஆத்துமத்துக்காக ஜெபமாலை சொல்கிறாள், மாதா படத்துக்கு முன்னால் அவள், சுவரைப் பார்த்தபடி கட்டிலில் நான், அந்த ஜெபத்தை ஒருவர் முதல் பாதி சொன்னால் இன்னொருவர் மறுபாதி சொல்லவேண்டும், பெர்ப்பெத்து இருந்தவரை இருவரும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், இப்போது கித்தேரி இரண்டு பாதியையும் தானே சொல்லிக்கொள்கிறாள், என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கு அவளுக்கு இருமல், மாலையின் ஒவ்வொரு மணியிலும் நின்று நின்று போனாள், ஓரிடத்தில் முதல் பாதியை முடித்ததும் மூச்சு அடைத்துக்கொண்டது, தோள் குலுங்க இருமினாள், செம்பில் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள், குரல் வரவில்லை, பாதி ஜெபம் அறைக்குள் அப்படியே நின்றது, எழுந்துபோகவும் மாட்டாமல் உட்காரவும் மாட்டாமல் யாரோ நிற்பதுபோல், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, மறுபாதியை நான் சொன்னேன், ஒரு வார்த்தை பிசகவில்லை, எனக்கே பழக்கமில்லாத கரகரத்த குரலில், யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாமல், யாரும் கேட்பதாக நம்பாமல், பக்கத்தில் அவள் இருந்தாள், அதனால் சொன்னேன். கித்தேரி திரும்பிப் பார்க்கவில்லை, விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது, உடைந்த குரலில் முதல் பாதியைத் தொடங்கினாள், நான் கட்டிலிலிருந்து இறங்கி அவளுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து என் முறைக்காகக் காத்திருந்தேன்.