கழுவிவிட்ட கிழங்கு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. கல்லூரி மலரின் ஆசிரியர் ‘மலைச்சரிவுச் சிவப்பு உருளைக்கிழங்கு: மரபும் சமையலும்’ என்று தலைப்பைக் கொடுத்து இரண்டு பக்கம் கேட்டார். அந்தச் சரிவிலிருந்து வந்தவர் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் விடுதியின் மெஸ் மாஸ்டர். போய்க் கிழங்கைப் பற்றிக் கேட்டேன். அவர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார்.

2.

தொடக்கம் ஒன்று: “தொன்றுதொட்டு உருளைக்கிழங்கானது மனிதகுலத்தின்...” (உருளைக்கிழங்கே கொட்டாவி விடும். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: மாஸ்டரின் கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை இருந்தது.

இது பரவாயில்லை. கட்டிலுக்கடியில் எது இருந்தாலும் கதை நகரும்.

3.

கிழங்கு மூட்டை, அவர் மனைவி அனுப்பியது. ஊரிலேயே கிழங்கு ஷெட்டில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. இவர் வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டார். போனில் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பேச்சு.

“ஒத்தக் கட்டில் ரூம்ல நான் எங்க படுக்கறது? உங்க தலையிலயா?”

“பெரிய ரூம் கேட்டிருக்கேம்மா.”

“கேட்டுக்கிட்டே இருங்க. ஒரு மூட்டை அனுப்புறேன். அது கெடுறதுக்குள்ள வந்துடுறேன்.”

அந்தக் கிழங்கு மண்ணோடு இருட்டில் கிடந்தால் மாதக்கணக்கில் தாங்கும். கழுவினால் போச்சு. சரிவில் பிறந்த கைக்குழந்தைக்கும் இது தெரியும்.

“மாஸ்டர், அந்த மூட்டைல ஒரு வறுவல் போடுங்களேன்” என்று நாங்கள் கெஞ்சினால், “அது கிழங்கு இல்லடா, காலண்டர்” என்பார்.

4.

(ஆசிரியர் கோபிக்காமலிருக்க, கட்டுரைக்குரிய பகுதி.) இதைத் தோல் சீவக் கூடாது. அகலப் பாத்திரத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, முழுகாத அளவுக்குத் தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் கைப்பிடி உப்பு. தண்ணீர் சுண்டச் சுண்டத் தோலின்மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கும். கத்தி படாமல், உள்ளங்கையால் நசுக்கித் தின்ன வேண்டும். உள்ளே மஞ்சள்.

மரபு முடிந்தது. கதைக்கு வருவோம்.

5.

இங்கேதான் எனக்கு என் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. மாஸ்டர் மூட்டையைக் கழுவிவிட்டார். மொத்தத்தையும். அவரே.

“யாரும் நம்பமாட்டாங்க மாஸ்டர். தெரிஞ்ச ஆளு எப்படிக் கழுவுவாரு?”

“ஒன்னே ஒன்னுதான்டா கழுவினேன். அந்தச் செவப்பப் பாத்து எவ்வளவு நாளாச்சு! ஷெட்டுல நிக்கும்போது அவளுக்குக் கை, கழுத்து, முகமெல்லாம் மண்ணா இருக்கும். சாயங்காலம் குழாயடியில கழுவிட்டு நிமிருவா பாரு, அப்ப...”

(இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான் முடித்துப் பார்த்தேன், நன்றாக இல்லை. விட்டுவிட்டேன்.)

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஒன்னொன்னா கழுவி மூட்டை காலி.”

சந்தேகம் தீர்ந்தது. இப்போது நம்புகிறேன்.

6.

கிழங்கு மெத்தென்று ஆகத் தொடங்கியதும் மாஸ்டர் பெரிய அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரம் கொதித்தது. ஒரு கையில் உப்பு, மறு கையில் ஸ்பீக்கர் போட்ட போன்.

“கழுவிட்டேன்.”

அந்தப் பக்கமிருந்து, “எத்தனைய?”

“எல்லாத்தையும்.”

“அறிவிருக்கா உங்களுக்கு?”

“இருந்துச்சு.”

அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா தெரியவில்லை. (எழுதுகிறவனுக்கே தெரியாதா என்று கேட்காதீர்கள். நான் கதவோரம் தட்டோடு நின்றிருந்தேன்.)

“அழுகுதும்மா. வேகவச்சுப் பசங்களுக்குப் போட்டுடவா?”

“உப்பு போட்டாச்சா?”

“கையில வச்சிருக்கேன்.”

“போடாதீங்க. நான்...”

அதற்குமேல் கேட்கவிடாமல் புகைபோக்கி விசிறியின் இரைச்சல்.

7.

கதை என்னுடையது, விசிறியை நானே நிறுத்தலாம். நிறுத்திப் பார்த்தேன். ஒரு தடவை “நான் இப்பவே பஸ் ஏறுறேன்” என்றாள், ஆசிரியருக்குப் பிடிக்கும். ஒரு தடவை “நான் வேற மூட்டை அனுப்புறேன்” என்றாள். அதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டு விசிறியை மறுபடி ஓடவிட்டேன்.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன்:

“போடாதீங்க. நான் ____________.”

பென்சிலால் எழுதுங்கள், அடுத்துப் படிப்பவருக்கு வேறு ஆசை இருக்கலாம். ஆனால் ரொம்ப யோசிக்க வேண்டாம். மாஸ்டர் மூடிய கையோடு அடுப்பு முன்னால் நிற்கிறார். அவர் கை வியர்க்கிறது, உப்பு கரைந்துகொண்டிருக்கிறது.