கார் கூரையில் தாய்மாமன் சீர்

அண்ணன் தங்கை பாசத்தின் விலை எண்ணூற்றைம்பது மலேசிய வெள்ளி. பொருத்திக் கொடுக்கும் கூலியும் அதில் அடக்கம்.

விலையைச் சொன்னவர் ரவாங்கில் கார் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கும் லிங்கேஸ்வரன். கேட்டுக்கொண்டு நின்றவர் புக்கிட் பெலிம்பிங் காளியண்ணன். செம்பனை ஆலையில் எடை மேடைக் கிராணி. லோரி பாரத்தோடு உள்ளே வரும்போது ஒரு தடவை, காலியாக வெளியே போகும்போது ஒரு தடவை நிறுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது அவருடைய இருபத்தாறு வருட உத்தியோகம். எதையும் இரண்டு தடவை நிறுத்தால் உண்மை வந்துவிடும் என்று நம்புகிறவர். கார் கூரைமேல் சாமான் கட்டுவதற்கான இந்த ரூஃப் ரேக் மட்டும் நிறுக்க நிறுக்க வேறு வேறு எடை காட்டியது.

விஷயம் இதுதான். தங்கை லெட்சுமியின் மகள் கண்மணிக்குப் புக்கிட் பெருந்துங்கில் கல்யாணம். முதல் நாள் நலங்கு. அன்றைக்குத் தாய்மாமன் சீர் போய் இறங்க வேண்டும். கண்மணியின் சடங்குக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் இவர் கொண்டுபோனது ஏழு தட்டு. இந்தத் தடவை இருபத்தொன்று என்று முடிவு கட்டிவிட்டார். தட்டு மட்டும் போனால் போதாது. மாமனும் அத்தையும் ஜோடியாக நின்று கொடுத்தால்தான் அது சீர். மாமன் தனியாக நின்று கொடுத்தால் சாமான் இறக்க வந்த ஆள் மாதிரி இருக்கும்.

அத்தை என்றால் அவர் மனைவி அமராவதி. அவளும் லெட்சுமியும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. ஏனென்று காளியண்ணனுக்குத் தெரியாது. கேட்டால் வளரும், கேட்காவிட்டால் அப்படியே இருக்கும் என்று விட்டுவிட்டார். இப்போது அவளைக் கூப்பிட்டால் அவள் வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வரலாங்க. வர்றதுக்கென்ன? காருல எடம் எங்க இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

நியாயமான கேள்வி. காளியண்ணன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காருக்குள் நுழைந்தார். ஏழு பேர் உட்காரும் கார். பின் வரிசை இரண்டையும் மடக்கி, நடுவில் பலகை போட்டு இரண்டு அடுக்காக்கினால் பதினேழு தட்டு. முன் இருக்கையில் இரண்டு, அதன் காலடியில் இரண்டு. கணக்கில் இருபத்தொன்றும் சரியாக உட்கார்ந்தன. ஓட்டுகிறவருக்கு மட்டும் இடம் மிச்சம்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்றாள் அமராவதி. அவள் குரலில் இருந்தது வருத்தமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் ரேக் என்ற யோசனை பிறந்தது. கனமான தட்டுகளைக் கூரைக்கு ஏற்றிவிட்டால் முன் இருக்கை காலி. அமராவதி ஏறி உட்காரலாம். லிங்கேஸ்வரனிடம் போனார்.

"எண்ணூத்தம்பதா? அந்தக் காசுக்கு வேற கூரையே போடலாமே தம்பி?"

"அண்ணே, அலுமினியம். துருப் பிடிக்காது. நூறு கிலோ தாங்கும்."

"காரு புத்தகத்துல அம்பது கிலோன்னு போட்டிருக்கு. அதுவும் ரேக்கு எடையோட சேத்து."

"ரேக்கு நூறு தாங்கும். கூரை தாங்குமான்னு காரு செஞ்சவனத்தான் கேக்கணும்."

ரேக் பன்னிரண்டு கிலோ; மிச்சம் முப்பத்தெட்டு. தட்டு ஒன்றுக்கு நாலு கிலோ என்றால் மேலே ஒன்பது, உள்ளே பன்னிரண்டு. இங்கேதான் குழப்பம் முற்றியது. மொத்தம் இருபத்தொன்று ஒற்றைப்படை. மேலே ஒன்பதும் ஒற்றைப்படை. உள்ளே பன்னிரண்டு இரட்டைப்படை ஆயிற்றே. சீர் பயணத்தில் எதை எண்ணுவது, மொத்தத்தையா, மாடி வாரியாகவா? யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மகள் நித்தியாவுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. கண்மணிக்குத் துணையாக அவள் இரண்டு நாள் முன்னாடியே தோழியோடு போவதாக ஏற்பாடு.

"அப்பா, ஒரு நாளைக்கு வேன் வாடகை முந்நூறு. ரேக்கு எண்ணூத்தம்பது. கேல்குலேட்டர் வேணுமா?"

"வாடகை வேன்ல போய் எறங்கினா மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன நெனப்பான்?"

"வேன்ல வந்திருக்காங்கன்னு நெனப்பான் லா. வேற என்ன நெனப்பான்?"

பக்கத்து வீட்டு இராமையா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தன் பங்கைச் சொன்னார். "ரேக்கு மாட்டினா காத்துல விசிலடிக்கும். பெட்ரோல் குடிக்கும். அதுக்கு மேல, இந்தத் தாமான் வீடுகள்ல எவன் கட்டில் பீரோ மாத்தினாலும் ஒங்க வாசல்லதான் வந்து நிப்பான்."

"யாருய்யா வந்து நிப்பா?"

"மொதல்ல நான்தான். பழைய சோபா ஒண்ணு பத்தாங் காலி டவுனுக்குப் போகணும். எப்ப மாட்றீங்க?"

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் இராமையா பக்கம் சாய்ந்தாள். பெட்ரோல் விலையைச் சொன்னாள். மழையைச் சொன்னாள். கார் கழுவப் போகும் இடத்தில் ரேக் இருந்தால் கூடக் காசு கேட்பார்கள் என்றாள். சந்தையில் கத்தரிக்காய்க்குக்கூட ஐம்பது காசு பேரம் பேசத் தெரியாத அமராவதி இந்த எண்ணூற்றைம்பதுக்கு ஏன் இவ்வளவு வாதாடுகிறாள்? காளியண்ணன் அதையும் நிறுத்துப் பார்த்தார். முள் ஆடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தார். அளவு தெரிய ஒரு தட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பார்த்துவிடுவது. சமையலறையிலிருந்து பெரிய சில்வர் தட்டை எடுத்து, ஐந்து தேங்காயை அடுக்கி, நடுவில் ஒரு அன்னாசியை நிறுத்தி, சரிகைத் தாளும் சுற்றினார். பக்கத்து இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டு, ரவாங் வரைக்கும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் போனார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்து வாழ்த்தினார்கள்.

கடையில் கணக்குப் பார்க்கும் உஷாராணி அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாண்ணே இது, வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கிட்டே வந்தீங்களா?"

"சீர்த் தட்டும்மா. இதுபோல இருபத்தொண்ணு."

"அடுக்கியேவா கொண்டுபோகப் போறீங்க? யாருண்ணே தட்ட அடுக்கி எடுத்துக்கிட்டுப் போவாங்க? சாமானத் தனியா, தட்ட ஒண்ணுமேல ஒண்ணாப் போட்டுத் தனியா எடுத்துக்கிட்டுப் போய், பொண்ணு வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல ஒக்காந்து அடுக்குவோம். அங்கேருந்துதான் மேளத்தோட தூக்கிட்டுப் போறது. ஒங்க வீட்டு அம்மா சொல்லலையா?"

காளியண்ணன் எத்தனை கல்யாணம் பார்த்திருப்பார்! ஆம்பளைகள் கூடாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தட்டுகள் எங்கிருந்தோ ஊர்வலமாக வரும். எங்கிருந்து என்று அவர் யோசித்ததே இல்லை. அந்த ஏழு தட்டும் சின்னத் தட்டு; மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு போனார்கள். இருபத்தொரு தட்டை ஒன்றுமேல் ஒன்றாகப் போட்டால் ஒரு முழ உயரம். சாமான் நாலைந்து பெட்டி. கடைசி வரிசையை மடக்கினால் போதும். ரேக்கே வேண்டாம்.

"அண்ணே, எண்ணூறுக்குத் தர்றேன்" என்று லிங்கேஸ்வரன் பின்னாலிருந்து கத்தினார்.

வீட்டுக்கு வந்தபோது அமராவதி பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தட்ட அங்க போய்த்தான் அடுக்குவாங்களாமே?"

"ஆமா."

"ஒனக்குத் தெரியுமா?"

"என் கல்யாணத்துலயே அப்படித்தான்."

"அப்பறம் ஏன்டி சொல்லல? நான் பலகையெல்லாம் வாங்கிட்டேனே!"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சொன்னா எனக்கு எடம் வந்துரும்."

அவள் பேச ஆரம்பித்தாள். சடங்கு வீட்டு அடுப்படியில் பத்துப் பேர் முன்னால் லெட்சுமி கேட்டாளாம்: ஏழே தட்டா அண்ணி, எங்கண்ணன் குடுத்த காசுல மிச்சத்த எங்க முடிஞ்சு வெச்சீங்க?

"நீங்க குடுத்தது முந்நூறு வெள்ளி. முந்நூறுக்கு ஏழுதான் வந்துச்சு. அந்த மாசம் ஒங்க போனஸ் எங்க போச்சு, ஞாபகம் இருக்கா?"

காளியண்ணனுக்கு ஞாபகம் வந்தது. நாலு டயர்.

"இத நீ என்கிட்ட சொல்லவே இல்லையே அமரா."

"திரும்பி வரும்போது காருல சொன்னேன். அழுதுகிட்டே சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? புது டயரு, சத்தமே கேக்கல பாருன்னீங்க."

மீனுக்குப் பக்கத்தில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. அதை விரட்ட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

காளியண்ணன் கைப்பேசியை எடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமலேயே தங்கையைக் கூப்பிட்டார். "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள் அமராவதி.

"லெச்சுமி, அண்ணன் பேசறேன். கண்மணி சடங்குக்கு வந்த அந்த ஏழு தட்டு..."

"அத இப்ப ஏண்ணே?"

"அது அண்ணி செஞ்சதில்லம்மா. நான் குடுத்த காசே அவ்வளவுதான். மிச்சத்துக்குக் காருக்கு டயர் வாங்கிட்டேன். நீ அவளக் கேட்டது இன்னிக்குத்தான் என் மண்டையில ஏறுது."

லைன் போய்விட்டதோ என்று அவர் கைப்பேசியை ஆட்டிப் பார்த்தார்.

"எத்தன டயரு?" என்றாள் லெட்சுமி.

"நாலு."

"ஃபோன அண்ணிகிட்ட குடு."

அமராவதி கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள், ஸ்பீக்கரை அணைத்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காளியண்ணன் வெளியே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். முதலில் சண்டை போலக் கேட்டது. பிறகு அழுகை. பிறகு நிச்சயமாகச் சிரிப்பு. சிரிப்பு நடுவே டயர் என்ற சொல் நாலைந்து தடவை வந்தது. ஒரு மணி பத்து நிமிடம். பூனைக்கு இரண்டு மீன் லாபம்.

கதவு திறந்தது. முகம் வீங்கியிருந்தாலும் அமராவதி மேளக்காரரை வரச்சொன்ன வீட்டுக்காரி போல நடந்து வந்தாள்.

"லெச்சுமிக்கு ஆளு பத்தலையாம். அடுக்கறதுக்கு நம்ம பக்கமிருந்தே கூட்டிட்டு வரச் சொல்லிட்டா. பக்கத்து வீட்டுப் பிரேமலாகிட்ட சொல்லிட்டேன். அவ வந்தா அவ வீட்டுக்காரரு இராமையாண்ணனும் வருவாரு. பிரேமலா தங்கச்சி மாதவிக்குக் கை வேல நல்லா வரும், அவளும் வர்றா. அவ பொண்ணுங்க ரெண்டு பேரயும் எங்க விட்டுட்டு வருவா? கூட்டிட்டு வான்னுட்டேன், பாவம்."

"அப்ப சாமானு?"

"மேல கட்டுங்க. ரேக்கு எங்க?"

"வேண்டான்னு சொல்லிட்டு வந்துட்டேனே! நீதானடி மழைன்ன, பெட்ரோலுன்ன?"

"அது அப்ப."

காளியண்ணன் லிங்கேஸ்வரனைப் போனில் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பொருத்த வேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவசரக்காரன் என்று தெரிந்த பிறகு எந்தக் கடைக்காரன் எண்ணூறில் நிற்பான்? ஒரே ஒரு ரேக்தான் இருக்கிறது, எண்ணூற்று எண்பது என்றார். கால் மணி நேரம் இழுத்து எண்ணூற்று இருபதில் நின்றது. அவசரப்படாமல் இருந்திருந்தால் இருபது மிச்சம் என்று மனசு கழித்துப் பார்த்தது. எதற்கு அவசரம் என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. ஆனால் ரேக் வாங்கியது லாபமா நஷ்டமா என்று கேட்டால் இன்னும் தெரியவில்லை.

சாமானைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போய்ப் பார்த்தார். லோரி நிறுக்கும் அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். கடைசியில் மளிகைக் கடைத் தராசில் பெட்டி பெட்டியாக நிறுத்தார். தேங்காயைப் புக்கிட் பெருந்துங்கிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று லெட்சுமி சொல்லியிருந்ததால் எடை அடங்கியது.

நிறுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது நித்தியா வந்தாள். "அம்மா வர்றாங்கன்னா நான் எதுக்கு முன்னாடி போகணும்? ஒங்ககூடவே வர்றேன்பா."

காளியண்ணன் ஒரு பழைய எடைச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினார்.

ரேக்: எண்ணூற்று இருபது வெள்ளி, கட்டியாயிற்று.
கூரைமேல்: முப்பத்தாறு கிலோ. அனுமதி முப்பத்தெட்டு.
தட்டு: இருபத்தொன்று.
இருக்கை: ஏழு.
ஆள்: எட்டு.
பாக்கி: ஒரு ஆள்.