கூப்பிட்டால் வந்துவிடுவார்கள்

எங்கள் வீட்டில் யாராவது "முருகா" என்றால் முருகன் வந்துவிடுவார். திருப்பூரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நான் விசாரித்ததில்லை, விசாரிக்க நேரமுமில்லை.

அவர் வருகிற விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. செருப்பை வெளியே விடுவார். கையிலிருக்கும் வேலாயுதத்தைக் கதவுக்குப் பின்னால், மாப்புக் கட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். மயிலின் தோகை லிப்ட் கதவில் மாட்டிக்கொள்கிறது என்பதால் நாலு மாடியும் படியேறித்தான் வருவார். வந்து, "கூப்பிட்டீங்களா?" என்பார்.

கூப்பிட்டது பெரும்பாலும் என் வீட்டுக்காரர் சின்னச்சாமியாக இருக்கும். மனுசன் சோபாவில் உட்கார்ந்தால் ஒரு முருகா, எழுந்தால் ஒரு முருகா. நான் மட்டும் என்ன ஒழுங்கு? குக்கர் மூடி திறக்காவிட்டால் முருகா, கீழே பனியன் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் முருகா. இரண்டாம் வகுப்புப் படிக்கிற எங்கள் மகள் மகிழினிக்கு ஷூவுக்குள் கால் போகாவிட்டாலும் முருகாதான்.

"இல்லீங் சாமி, சும்மா உக்கோந்தேன்," என்பார் இவர்.

"சரிங்க," என்று வேலை எடுத்துக்கொண்டு இறங்குவார். இரண்டாவது மாடியைத் தாண்டுவதற்குள் நான் குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். மறுபடி ஏறி வருவார்.

ஒரு நாள் காலையில் அவர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி நின்றதைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஏனென்றால் இந்த வீட்டில் "அம்மா" என்றால் நான் போக வேண்டும். கழுத்தை அறுக்கிற மாதிரி மகிழினி "அம்மா" என்று அலறுவாள். தோசை மாவுக் கையோடு ஓடினால், "சீப்பு எங்கம்மா?" என்பாள். சீப்பு அவள் தலையிலேயே செருகியிருக்கும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிட்டால் உடம்பு என்ன பாடு படும் என்று எனக்கா தெரியாது?

இனி நிஜமாகவே வேண்டுமென்றால் மட்டும் கூப்பிடுவது என்று வீட்டில் முடிவு செய்தோம். இவர் உட்காரும்போது "அப்பாடா" என்று சொல்லிப் பார்த்தார். மதியமே காங்கேயத்திலிருந்து என் மாமனார் மஞ்சப்பையில் முருங்கைக்காயோடு வந்து, "என்னடா, கூப்பிட்டயாமா?" என்று நின்றார். அதையும் விட்டோம். கடைசியில் "ஓகே" என்ற சொல் ஒத்துவந்தது. அதற்கு யாரும் வரவில்லை. இவர் ஓகே என்று உட்கார்ந்தார், ஓகே என்று எழுந்தார். நானும் குக்கரைப் பார்த்து ஓகே என்றேன். பழகப் பழக அந்தப் பெயர் நாக்கிலிருந்தே போய்விட்டது. வீடு அமைதியாக இருந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வேன் வந்தது. மகிழினி இறங்கவில்லை.

"பாப்பா ஏறவே இல்லீங்களே அக்கா. நீங்க வந்து கூட்டீட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார் டிரைவர்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். எல்லாக் குழந்தைகளும் கிளம்பியாயிற்று என்றார்கள். இவர் கம்பெனியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே ஓடினார். குழந்தை தானே வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாது என்று நான் மேலே வந்து கதவைத் திறந்துவைத்து நின்றேன். "அம்மா" என்று யாருமே கூப்பிடாத வீடு எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இதுதான் நிஜமாகவே வேண்டிய நேரம். வாயைத் திறந்து கூப்பிட்டேன்.

"ஓகே," என்றது வாய்.

இன்னொரு முறை முயன்றேன். ஓகே. சண்டாள நாக்கு! வேறு பெயரே வரவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்தேன். வயிற்றிலிருந்து தானாகவே "ஐயோ" என்று வந்தது.

ஐயோ என்பது எமனுடைய சம்சாரத்தின் பெயர். விளக்கு வைக்கிற நேரத்தில் அதைச் சொல்லக் கூடாதென்று எங்கள் பக்கத்தில் குழந்தைகளை அதட்டுவார்கள். ஆனால் சொல்லியாயிற்று. லிப்ட் திறந்தது. நூல் புடவையும் தோளில் ரெக்ஸின் பையுமாக, பல வீடு ஏறி இறங்கிய களைப்போடு ஓர் அம்மாள் வந்தார்.

"கூப்பிட்டயா அம்மிணி?"

"ஆமாங்கக்கா. வாங்க, உள்ள வந்து உக்காருங்க."

அவர் செருப்பை வாசலில் விட்டார். "எல்லாரும் கூப்பிடுவாங்க. வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. உக்காருன்னு நீதான் சொல்லியிருக்கே," என்று சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

காபி கலந்து கொடுத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல், "உங்க வீட்டுக்காரர்..." என்று நிறுத்தினேன்.

"அவரு காலையில இருந்தே ஆத்துக்கு அந்தாண்ட. இந்தப் பக்கம் இன்னிக்கு வேலையே இல்லைன்னு சொல்லீட்டுத்தான் போனாரு."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அப்ப எம்பொண்ணு எங்கங்கக்கா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஐயோன்னா போவேன், அவ்வளவுதான் என் வேலை. உம்பொண்ணு இன்னும் சொல்லலை. பயந்திருந்தா சொல்லியிருப்பா. அப்படீன்னா எங்கியோ தூங்கீட்டு இருக்கா."

"எந்திரிச்சு அம்மான்னு கூப்பிட்டா எனக்குக் கேக்குமுங்களா?"

"ரெண்டு செவுரு தாண்டுனா உனக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்," என்றார். காபியை ஊதிக் குடித்தார்.

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். எந்த வார்த்தையைச் சொல்லாதே என்று மகளிடம் சொல்வேனோ அந்த வார்த்தையை அவள் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சொல்லு தங்கம், ஒரே ஒரு தடவை சொல்லு என்று கெஞ்சினேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய் விளக்கேற்றினேன். திரும்பிப் பார்த்தால் காபி டம்ளர் பாதியில் இருந்தது. சோபாவில் ஆள் இல்லை.

விளக்கு நிதானமாக எரிந்தது. லிப்ட் மேலே வருகிற சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் அந்த அம்மாள் இடுப்பில் மகிழினி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சீட்டுத் துணியின் வரி பதிந்திருந்தது.

"தப்பு வேன்ல ஏறிப் பின் சீட்டுல தூங்கீட்டா. பாக்காம ஷெட்டுல உட்டுப் பூட்டீட்டாங்க," என்று இறக்கிவிட்டார்.

மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் காதில், "அம்மா, நான் கெட்ட வார்த்தை சொல்லீட்டேன்," என்றாள்.

"நல்லாச் சொன்னே கண்ணு. சத்தமாச் சொன்னயா?"

"ரொம்பச் சத்தமா."

போனில் சொன்னதும் இவர் பறந்து வந்தார். குழந்தையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். பிறகு சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து, "முருகா!" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயில் அது வந்தது. படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

"கூப்பிட்டீங்களா?" என்றார் முருகன், வியர்த்து வழிய.

"இல்லீங் சாமி, சும்மா..." என்று இவர் எழுந்தார்.

"பரவாயில்லீங்க. சும்மாவே கூப்பிடுங்க. கொஞ்ச நாளாச் சத்தமே இல்லைன்னதும் இங்க யாருக்கு என்னமோன்னு எனக்குச் சோறு எறங்கலை."

நான் அவருக்குத் தோசை ஊற்றினேன். ஒன்றுமில்லாததற்கு நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்றால் ஒன்றுமில்லை, எல்லாரும் சுகம் என்று அர்த்தம். இது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை. மனசு நிறைந்துபோய் ஆளுக்கு நாலு தோசை போட்டேன். அந்த அம்மாளும் சாப்பிட்டார்.

அவர் கை கழுவுகிறபோது வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். "அக்கா, உங்க வீட்டு விருந்தாளியக் கூட்டீட்டுப் போக அவங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு. எருமைய விசிட்டர் பார்க்கிங்ல நிறுத்தச் சொல்லியிருக்கேன்."

எமன் மேலே வந்தார். "நான் உள்ள வந்தா நல்லாயிருக்காதுங்க," என்று வாசலிலேயே நின்று இரண்டு தோசை சாப்பிட்டார். தக்காளிச் சட்னியை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். தங்கமான மனுசன்.

விடைபெறும்போதுதான் சங்கடம் வந்தது. வீட்டுக்கு வந்தவரைப் "போங்க" என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. "போயிட்டு வாங்க" என்றால் வந்துவிடுவார். இவர் என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன். முருகன் சட்னியைப் பார்த்தார். எமனோ நாங்கள் ஏதாவது சொன்னால்தானே நகர்வது என்று மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.

"போயிட்டு... மெதுவா வாங்க," என்றேன்.

அவர் யோசித்தார். "எவ்வளவு மெதுவாங்க?"

"நடந்தே வாங்க," என்றாள் மகிழினி.

"ஆகட்டும் பாப்பா," என்றார். அப்படியே எருமையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, சம்சாரத்தின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் பேசியபடி நடந்தே போனார்கள்.

எருமை எங்கள் பார்க்கிங்கில் நிற்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்திருக்கிறோம். எங்கள் முறை வரும்போது இவர் தண்ணீர் காட்டுகிறார், மகிழினி அகத்திக்கீரை கொடுக்கிறாள், நான் கழுவிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிறேன். அது இங்கே இருக்கும்வரை அவர் நடந்துதான் வர வேண்டும் என்பதால், ஒரு வீட்டுக்காரர்கூட இதுவரை அதற்கு ஒரு வேளைத் தீனி குறைத்ததில்லை.