கடல்கன்னியின் மூக்கு

1

இந்தக் கதை சித்திரபுரம் பக்கத்து விடுதி ஒன்றில், கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது ஆரம்பித்தது. தொட்டிக்குள் மீன்வால் மாட்டிய ஒரு பெண் தலைகீழாகச் சுழன்று சிரித்தாள். மேலே வந்ததும் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் கைதட்டல். தேயிலை மலையில் கடல்கன்னி கேட்கிறதாக்கும்!

2

முதல் வரி: ‘நீல நீரில் அவள் ஒரு—’

(அடித்துவிட்டேன். அவளுக்கு மூக்கு எரிகிறது, எனக்கு அலங்காரமா?)

அவள் பெயர் டின்சி. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் மதலேனம்மாளின் மகள். தலைகீழாகும்போதெல்லாம் மூக்கில் தண்ணீர் ஏறி, புருவத்துக்குள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். சைனஸ் என்றார் டாக்டர். மூக்கை அடைக்கும் கிளிப் போடாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார். மூக்குக் கிளிப் வாங்கி வந்தாள்.

3

மேனேஜர் லோகேஷைக் கெட்டவனாகச் சித்தரிக்க நினைத்தேன். அவன் எனக்கு வேலையே வைக்கவில்லை.

“கடல்கன்னிக்கு மூக்குல கிளிப்பா? போட்டோவுல அசிங்கமா இருக்கும்லா. கழட்டு.”

“நெத்தி வெடிக்குது சார்.”

“அப்ப வேற ஆளு பாக்கட்டுமா?”

4

மதலேனம்மாளுக்கு எந்த நோவுக்கும் யூக்கலிப்டஸ் தைலம்தான்.

“ஏட்டி, மூக்குல நல்லா தடவிட்டு எறங்கு. தண்ணி ஏறாது.”

தடவினாள். தொட்டியில் எண்ணெய் மிதந்தது, கண்ணாடி மங்கியது, தைல வாடை வரவேற்பறைவரை போனது. லோகேஷ் கத்திய கத்தலில் டின்சியே துணி எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டானா? ம்ஹூம்.

(அடிக்குறிப்பு: மதலேனம்மாளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த மூக்கைப் பற்றிக் கவலைப்பட்டது அந்த அம்மா மட்டும்தான்.)

5

முடிவு ஒன்று: டின்சி வாலைக் கழற்றி லோகேஷின் முகத்தில் வீசுகிறாள்.

(டின்சி ஒத்துக்கொள்ளவில்லை. “வீசிட்டு? கொழுந்துக் காட்டுக்குப் போகவா? நீச்சல் எனக்குப் புடிச்ச வேலை. நான் கேக்கது ஒரு கிளிப்புதான?”)

முடிவு இரண்டு: வலியை மறைத்துச் சிரித்தபடி அவள்—

(மாட்டேன். எழுதினால் என் கை விளங்காது.)

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். டின்சி கிளிப்பை மாட்டிக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். லோகேஷ் என்னைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறான். விருந்தாளி நீங்கள்தானே? படம் எடுக்கச் செல்போனையும் தூக்கிவிட்டீர்கள்.

“கழட்டச் சொல்லவா சார்?” என்று கேட்கிறான்.