அஸருக்குப் பிறகு மந்திரவாதி

ஸாலிஹாவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. ஆகவே சனிக்கிழமைகளில் வாசலாலேயே போய் உட்கார்ந்துவிடுவேன். தேத்தண்ணியும் கிடைக்கும்.

சனி பின்நேரம் அங்கே விளையாட்டு. ஸாலிஹாவின் மகன் றிப்தி தானே உண்டாக்கியது. ஆளுக்கொரு பாத்திரம். றிப்தி கதை சொல்லி எதிரிகளை அனுப்புவான். மற்றவர்கள் இருபது முகப் பகடையை உருட்டிச் சண்டை பிடிப்பார்கள். அவனுடைய தங்கை ஆதிலாவுக்கு வாள்வீரன், பெயர் காசிம் தளபதி. அவர்களுடைய மாமி மகன், துறைமுகத்தில் கிறேன் ஓட்டும் அர்ஷாக்குக்கு மந்திரவாதி. எல்லாரும் கலியாண வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் அந்தக் காசிம் தளபதி செத்துப்போனார். இவர்கள் உச்சியில் நிற்கையில் கலங்கரை விளக்கம் இடிந்து விழுகிறது. அர்ஷாக் பறக்கும் பாயை வரவழைத்து, வைத்தியராக வரும் கூட்டாளி அப்ராஸை ஏற்றிக்கொண்டான். ஆதிலாவை ஏற்றவில்லை.

"பாரம் கூடிப் போகும் மச்சி. வாள்காரன்தானே, சந்தியில நிண்டு கூப்பிட்டா பத்துப் பேர் வருவாங்க" என்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

ஒரு வருடமாக வளர்த்த ஆள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை என்று ஸாலிஹாவே என்னிடம் சொன்னாள். மறுநாள் மதிலடியில் ஆதிலாவைப் பிடித்தேன்.

"மாமி, அவர்ட மந்திரவாதி சாகணும். சாக முந்தி என்னட்டக் கெஞ்சணும்" என்றாள். பிள்ளை முகத்தில் அப்படியொரு அமைதி.

மந்திரவாதி இருக்கிற இடத்தில் வாளுக்கு வேலையே இல்லை என்று றிப்தியிடமும் முறையிட்டுப் பார்த்தாள். அவன் அவளுடைய புது வாள்வீரனுக்கு இன்னும் நீளமான வாள் கொடுத்தான். பிறகு தடித்த கவசம் கொடுத்தான். எட்டாத மாங்காய்க்குப் பெரிய கல் கொடுத்த மாதிரி. அர்ஷாக் விரலைச் சொடுக்குவான், எதிரி சாம்பல். வாளை உருவ ஆள் மிஞ்சினால்தானே!

கோளாறு வாளில் இல்லை. தொடக்கத்தில் இவர்களே ஒரு வழக்கம் போட்டுக்கொண்டார்கள்: பின்நேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னால் விளையாட்டு நிற்கும், தொழுதுவிட்டு வந்தால், கதையில் ஓர் இரவு தூங்கி எழும்பியதாகக் கணக்கு. தூங்கி எழும்பினால் செலவான மந்திரமெல்லாம் மந்திரவாதிக்குத் திரும்பி வரும். வாள்காரனுக்கோ ஒரு கீறல் ஆறவே ஒரு கிழமை. அர்ஷாக் லேசுப்பட்ட ஆளா? பாங்குக்குக் கொஞ்சம் முந்தி இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்ப்பான். பள்ளிவாசலுக்குப் போய் வந்து நிறைகுடமாக உட்காருவான். இதை ஆதிலா கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

இந்தச் சனி அப்ராஸ் தோப்பூருக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டான். றிப்தி ஒரு கோட்டையைக் காட்டினான். வாசலில் கொள்ளைக்காரர்கள், கடல் நண்டுகள், எல்லாம் சில்லறைச் சாமான்கள்.

"மச்சான், இந்த நண்டு உங்களால ஏலாது போல" என்றாள் ஆதிலா.

"எனக்கா ஏலாது?" நண்டுக்கு இடி விழுந்தது.

"அங்கால ரெண்டு பேர் ஓடுறாங்க. போகட்டும், பாவம்."

ஓடியவர்கள் மேல் நெருப்பு மழை. அர்ஷாக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அள்ளி இறைத்தான். கடைசி மந்திரத்தை ஒரு பூட்டைத் திறக்கச் செலவழித்தான். சாவி கதவிலேயே தொங்கியது. பாங்கு கேட்டது. கையைத் தட்டிவிட்டு எழும்பினான்.

ஆண்கள் பள்ளியால் வந்ததும் ஸாலிஹா தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஆதிலா அந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தாள்.

"நானா, ஒரு சந்தேகம். அஸர் தொழுதுட்டு வந்தா தூங்கி எழும்பினதா ஏன் எடுக்கிற?" என்று அண்ணனைக் கேட்டாள்.

ஸாலிஹாவின் கையில் தட்டம் அப்படியே நின்றது. "என்னது? தொழுகையத் தூக்கம் எண்டா வச்சிருக்கீங்க?"

"அது சும்மா விளையாட்டுக்கு, உம்மா" என்றான் றிப்தி.

"விளையாட்டுக்கா? தூக்கத்த விடத் தொழுகை மேல் எண்டு விடியச் சுபஹுக்குப் பாங்கு சொல்றாங்க. நீங்க ரெண்டையும் ஒண்டாக்கிட்டீங்களா? இப்பவே நிப்பாட்டுங்க! இல்லாட்டி இந்தக் கட்டையெல்லாம் கடலுக்குள்ள போகும்."

நானும் என் பங்குக்கு "அஸ்தஃபிருல்லாஹ்" என்றேன். இந்த மாதிரி நேரத்தில் அயலவர் சும்மா இருக்கக் கூடாது.

மாமியார் ஆகக்கூடியவளிடம் அர்ஷாக் எப்படி வாதாடுவது? தட்டத்திலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டான்.

"சரி, இரவு கழியல்ல" என்றான் றிப்தி. "கதவு திறக்குது. உள்ளுக்கு இரும்புக் காவலன் நிக்கிறான். மந்திரவாதிதான் முன்னுக்கு."

"இடி" என்றான் அர்ஷாக்.

"முடிஞ்சுது. நண்டுக்குக் குடுத்தீங்க" என்றான் றிப்தி.

"பாய்?"

"அதுவும் முடிஞ்சுது. கடைசி மந்திரம் பூட்டுக்குப் போச்சு."

காவலனின் முதல் அடியிலேயே மந்திரவாதி பாதியானான். அர்ஷாக் ஆதிலாவின் பக்கம் திரும்பினான்.

"மச்சி, வெட்டு!"

"என்ட ஆள் பின்னுக்குக் காவலுக்கு நிக்கிறார், மச்சான்."

"பின்னுக்கு ஒருத்தரும் இல்லையே!"

"வந்தா?"

றிப்தி பகடையை உருட்டினான். மந்திரவாதி முழங்காலில் விழுந்தான். அர்ஷாக்கின் குரல் இறங்கிவிட்டது. "ஆதிலா, உங்கள விட்டா எனக்கு ஆரும் இல்ல. ஒருக்கா வெட்டுங்க." நீ என்பது நீங்கள் ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.

அவள் தேத்தண்ணியை ஊதினாள். "என்ட ஆள் யோசிக்கிறார்."

மூன்றாவது அடி. மந்திரவாதி முடிந்தான்.

"இப்ப வெட்டுறார்" என்று பகடையை எடுத்தாள் ஆதிலா. அந்த நீள வாள் அன்றைக்குத்தான் வேலை செய்தது. காவலன் சரிந்தான்.

"மாமி, உங்களாலதான் என்ட ஆள் செத்தான்" என்றான் அர்ஷாக்.

"ஆரு மகன் மவுத்து? எங்கட ஆக்களா?" என்று ஸாலிஹா பதறினாள்.

"நானா, அவர்ட மந்திரக்கோல எடுக்கிறேன்."

"உன்ட ஆளுக்கு அது வேலை செய்யாதே, ஆதிலா."

"தெரியும். கோட்டைக்குள்ள குளிராம். விறகுக்கு எடுக்கிறார்."

அர்ஷாக் எழும்பிச் செருப்பைத் தேடினான். ஆதிலா கோலை எத்தனை துண்டாக முறிக்கலாம் என்று றிப்தியிடம் விலாவாரியாக விசாரித்துக்கொண்டிருந்தாள். அர்ஷாக் படியிறங்கும்வரை குரலைத் தாழ்த்தவில்லை.